சனிக்கிழமை மாலை ஐந்து நாற்பத்திரண்டு

அத்தியாயம் ஒன்பது

“ஓடிப்போயிருந்தா எனக்குச் சந்தோஷம்தான் சார்” என்றாள் சலவைக்கடை அக்கா.

புருஷனைக் காணவில்லை என்று ஆமையிடம் வந்தவர்களில் இப்படிச் சொன்ன முதல் மனைவி இவள்தான். மற்றவர்களெல்லாம், ஆளை மட்டும் காட்டுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர்கள்.

ஆமை என்பது துப்பறியும் சாருக்கு அவருடைய பழைய ஆபீஸில் வைத்த பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் விபத்து விசாரணை செய்து ஓய்வு பெற்றவர். எதிலும் அவசரம் கிடையாது. அவர் ரோட்டைக் கடப்பதற்குள் சிக்னல் இரண்டு தடவை மாறிவிடும். மற்ற துப்பறிவாளர்கள் ‘யார்?’ என்று கேட்கிற இடத்தில் இவர் ‘எப்ப?’ என்று கேட்பார். பதில் வந்த பிறகு, காது கேட்காதவர் மாதிரி இன்னொரு தடவை ‘எப்ப?’ என்பார். அவரிடம் நாலு வருஷமாக உதவியாளராகக் குப்பை கொட்டுகிறவள் வாயாடி. அந்தப் பெயரை வைத்தது ஆமைதான். ஏன் வைத்தார் என்பது அவளோடு ஐந்து நிமிஷம் பேசினால் யாருக்கும் விளங்கிவிடும்.

அக்காவின் புருஷன் மெத்தைத் தொழிற்சாலையில் பாய்லர் ஓட்டுகிறவர். பதினேழு நாளைக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அந்தத் தொழிற்சாலையின் நுரை ஷெட் தீப்பிடித்து எரிந்தது. உள்ளே பதினோரு பேர் இருந்தார்கள் என்று கம்பெனி பட்டியல் கொடுத்தது. சாயங்காலத்துக்குள் பதினோரு உடல்கள் கிடைத்தன. முகம் பார்த்து அடையாளம் சொல்கிற நிலையில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் எண்ணிக்கை சரியாக இருந்தது, தேடலை நிறுத்திவிட்டார்கள். பட்டியலில் பாய்லர்காரரின் பெயர் இல்லை. அவர் அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலமே வேலையை விட்டு விலகிவிட்டார் என்றது கம்பெனி.

“திங்கட்கிழமை காலைல சாப்பாட்டு டப்பாவ எடுத்துட்டு வழக்கம்போலத்தான் கிளம்பினார்” என்றாள் அக்கா. அயர்ன் பெட்டி ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. “வேலையை விட்டதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. கிளம்பறப்ப சின்னதா ஒரு சண்டை. ‘எங்கயாவது போய்த் தொலைங்க’ன்னு நான்தான் சொன்னேன். கல்யாணமான நாள்லேர்ந்து சொன்ன பேச்சைக் கேக்காத மனுஷன், அன்னிக்குன்னு பாத்துக் கேட்டுட்டார்.”

“போன் பண்ணிப் பாத்தீங்களாக்கா?” என்றாள் வாயாடி.

“சுவிட்ச் ஆஃப். தினம் கடை மூடறப்ப வாய்ஸ் மெசேஜ் போட்டுத் திட்டறேன். மனசு ஆறற வரைக்கும் திட்டறேன். என்னிக்காவது ஆன் பண்ணா எல்லாம் மொத்தமா வந்து விழும்ல? விழட்டும். காது கிழியட்டும்.”

“அதுக்குப் பயந்தே ஆன் பண்ண மாட்டார், பாவம்.”

அக்கா சிரித்துவிட்டாள். பிறகு அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “அவர் திரும்பி வரலைன்னாலும் பரவால்ல சார். வேற யார்கூடயாவது இருந்தாக்கூடப் போகட்டும். எங்கயோ ஒரு எடத்துல சாப்ட்டு, தூங்கி, எழுந்திருக்கார்னு தெரிஞ்சா போதும் எனக்கு. எந்த ஊர்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க.”

ஆமையிடம் இருந்தது ஒரே ஒரு நூல். வேலையிலிருந்து விலகுகிறவர்கள் அடுத்துப் போகும் இடத்தின் விலாசத்தைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த விலாசம் கிடைத்தால் ஆள் கிடைத்த மாதிரி. மனைவி என்ற முறையில் சர்வீஸ் விவரம் கேட்கும் கடிதத்தில் அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு இருவரும் பஸ் ஏறினார்கள்.

*

மெத்தைக் கம்பெனியின் தலைமை ஆபீஸ், எரிந்த தொழிற்சாலைக்கு நேர் எதிரே இருந்தது. நடுவில் ஒரு ரோடுதான். ஷெட் நின்ற இடத்தில் செம்மண் கொட்டி, உருளை ஓட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். மூலையில் உயரமான தண்ணீர்த் தொட்டி மட்டும் நாலு கால்களில் தனியாக நின்றது.

“புது மெத்தை விரிச்ச மாதிரி இருக்கு” என்றாள் வாயாடி. சொன்ன பிறகு அவளுக்கே நன்றாகப்படவில்லை.

ஆமை வாசல் காவலாளியிடம் போனார். “இடிபாடெல்லாம் எங்கப்பா?”

“லாரில அள்ளிட்டுப் போய்க் கல்குவாரிப் பள்ளத்துல கொட்டிட்டாங்க சார்.”

“எப்ப?”

“தீப்பிடிச்சு ரெண்டு நாள்ல. புதன்கிழமை.”

“எப்ப?”

“புதன்கிழமைன்னேனே சார்” என்று காவலாளி வாயாடியைப் பார்த்தார். சாருக்குக் காது மந்தமா என்று அவர் கண் கேட்டது. பழகிவிடும் என்று அவள் கை ஜாடை காட்டினாள்.

பர்சனல் மேனேஜர் தேனாகப் பேசினார். நடந்ததற்கு வருத்தப்பட்டார். பாய்லர்காரர் நல்ல வேலைக்காரர் என்றார். குடும்பத்தை இப்படி விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார். கையெழுத்துப் போட்ட கடிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தாராளமா பாருங்க சார். எங்க சிஸ்டத்துல எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு. ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு?” என்று அவரே எழுந்து வந்து சிஸ்டம் அறையைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனார். இவ்வளவு தாராளமான மனிதரை வாயாடிக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

*

சிஸ்டம் அறை ஐஸ் பெட்டி. மூலையில் ஒரு பெரிய மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. சுவரோரமாகப் புது அட்டைப் பெட்டிகள் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. கம்பளிச் சட்டைக்குள் கழுத்து வரை புதைந்திருந்த சிஸ்டம்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கடிதத்தைப் பார்த்ததும் அவர் விரல்கள் ஒரு கணம் விசைப்பலகை மேலேயே நின்றன. பிறகு பாய்லர்காரரின் பக்கத்தைத் திறந்தார்.

“போகும் இடத்து விலாசம்?” என்றார் ஆமை.

சிஸ்டம்காரர் படித்தார். அது சலவைக்கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டு விலாசமேதான்.

“வீட்டை விட்டு ஓடறவர் வீட்டு விலாசத்தையா எழுதிக் கொடுத்துட்டு ஓடுவார்?” என்றாள் வாயாடி. “பாதி வழில பசிச்சா திரும்பி வரலாம்னா?”

ஆமை திரையை எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு தொடக்கத் தேதி, ஒரு முடிவுத் தேதி. வேலை என்ற வரி அந்தச் சனிக்கிழமையோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே, மனைவி என்ற வரியில் முடிவுத் தேதி டிசம்பர் 31, வருஷம் 9999.

“ஐயோ, ஒரு கல்யாணம் இத்தனை வருஷம் தாங்குமா?” என்றாள் வாயாடி.

“முடிவு தெரியாத எல்லாத்துக்கும் அந்தத் தேதிதான் போடுவோம்” என்றார் சிஸ்டம்காரர். அவர் சிரிக்கவில்லை.

“வேலையை விட்டு எப்ப விலகினார்?” என்றார் ஆமை.

“சனிக்கிழமை சாயங்காலம்.”

“எப்ப?”

சிஸ்டம்காரர் முதல் தடவையாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். “நீங்க எந்த ‘எப்ப’வைக் கேக்கறீங்க சார்?”

நாலு வருஷத்தில் ஆமையின் கேள்விக்கு இப்படி ஒரு பதில் வந்து வாயாடி கேட்டதில்லை. ஆமை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எத்தனை ‘எப்ப’ இருக்கு?”

“ரெண்டு. விஷயம் நடந்தது எப்பன்னு ஒண்ணு. அதை மெஷின் தெரிஞ்சுக்கிட்டது எப்பன்னு இன்னொண்ணு. முதலாவதை ஆளுங்க அடிப்பாங்க, என்ன தேதி வேணும்னாலும் அடிக்கலாம். ரெண்டாவதை மெஷினே தன்னோட கடிகாரத்தைப் பாத்துப் போட்டுக்கும். அதுல யாரும் கை வைக்க முடியாது.”

“எதுக்கு ரெண்டு? ஒரு விஷயத்துக்கு ஒரு நேரம் போதாதா?” என்றாள் வாயாடி.

சிஸ்டம்காரர் கம்பளிச் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். “போன வருஷம் ஒரு மூணாம் தேதி எங்கப்பா மாடிப்படில விழுந்துட்டார். எனக்கு விஷயம் வந்தது ஆறாம் தேதி. நடுவுல நாலாம் தேதி ஒருத்தர் ‘அப்பா எப்படி இருக்கார்’னு கேட்டார். நல்லா இருக்கார்னு சொன்னேன். நான் பொய் சொன்னேனாம்மா?”

“இல்ல.”

“அந்த மூணு நாளைத் தொலைக்காம வெச்சுக்கத்தான் இப்படி ஒரு சிஸ்டம். எதையும் அழிக்காது. தப்பா இருந்தா பழைய வரியை மூடிட்டு, கீழ புதுசா எழுதும். என்னிக்கு எதை நம்பிட்டு இருந்தோம்னு எப்ப வேணா கேக்கலாம். மெஷினோட நேரம் முன்னாடி மட்டும்தான் போகும், பின்னாடி வராது. இதுக்கெல்லாம் புஸ்தகம் எழுதினவங்க போட்ட முதல் சட்டமே அதுதான்.”

ஆமையின் முகத்தில் ஒரு களை வந்தது. வாயாடிக்கும் புரிந்துவிட்டது. தீப்பிடித்த பிறகு யாராவது உட்கார்ந்து, சனிக்கிழமை விலகினார் என்று பழைய தேதி போட்டு அடித்திருந்தால், இரண்டாவது நேரம் அவர்களைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிடும்.

“அப்ப, இவர் விலகினதை மெஷின் தெரிஞ்சுக்கிட்டது எப்ப?” என்றார் ஆமை.

சிஸ்டம்காரர் ஒரு விசையைத் தட்டினார். இரண்டாவது நேரம் வந்து நின்றது. அதே சனிக்கிழமை. மாலை ஐந்து நாற்பத்திரண்டு.

ஆமை நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

“திங்கட்கிழமை காலை வருகைப் பதிவு?” என்று கேட்டார், எதற்கும் இருக்கட்டும் என்று.

“கைரேகை மெஷின் ஷெட் வாசல்ல இருந்தது சார். நாள் முடிஞ்சாத்தான் கணக்கை இங்க அனுப்பும். அன்னிக்கு அதுவும் எரிஞ்சு போச்சு. நடுவுல ஞாயித்துக்கிழமை லீவு.”

ஆமைக்குத் தோல்வி. ஆனால் வாயாடிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சனிக்கிழமையே மெஷினில் ஏறிவிட்டது என்றால் மனிதர் உண்மையிலேயே வேலையை விட்டிருக்கிறார். திங்கட்கிழமை தீயில் அவர் இல்லை. எங்கேயோ சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறார்.

“சார், அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிடட்டுமா? இன்னிக்குத் திட்டறதைக் கொஞ்சம் குறைச்சுக்குவாங்க.”

“இரு” என்றார் ஆமை. “அந்தச் சனிக்கிழமை அஞ்சரைலேர்ந்து ஆறு மணிக்குள்ள இந்த மெஷின் வேற என்னென்ன தெரிஞ்சுக்கிட்டதுன்னு பாக்கணும்.”

“அது வெறும் குப்பை சார்” என்றார் சிஸ்டம்காரர். “லாரி, கேட்டு, தண்ணி... எல்லாம் ஒரே எடத்துல வந்து விழும்.”

“குப்பைதான் வேணும்.”

வரிகள் திரையில் இறங்கின. லாரி ஒன்று உள்ளே வந்தது. இரண்டு பேர் ஓவர்டைம் முடித்தார்கள். எதிரே நின்ற தண்ணீர்த் தொட்டி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தன் மட்டத்தைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது. ஆமைக்குக் கண்ணாடி துடைக்க நேரமாகும் என்பதால் வாயாடியே வாய்விட்டுப் படித்தாள்.

“அஞ்சு முப்பத்தஞ்சு, தொட்டி தொண்ணூத்திரண்டு பர்சென்ட். அஞ்சு நாப்பது, தொண்ணூத்திரண்டு. அஞ்சு நாப்பது, முப்பத்தெட்டு. அஞ்சு நாப்பத்தஞ்சு, தொண்ணூத்திரண்டு. அஞ்சு நாப்பத்தஞ்சு, முப்பத்தொண்ணு. அஞ்சு அம்பது, தொண்ணூத்தொண்ணு. அஞ்சு அம்பது, இருபத்திரண்டு. என்ன சார் இது, தொட்டி ஒரே நேரத்துல ரொம்பியும் இருக்கு, காலியாவும் இருக்கு? எங்க மாமியார் வயிறு மாதிரி. சாப்பாடுன்னா காலி, வேலைன்னா ஃபுல்லு!”

அவள் மட்டும்தான் சிரித்தாள். சிஸ்டம்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஆமை கண்ணாடியைப் பாதி துடைத்தபடியே மூக்கில் மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார்.

“சென்சார் கெட்டுப்போச்சு சார்” என்றார் சிஸ்டம்காரர்.

“எப்ப?”

சிஸ்டம்காரர் கம்பளிச் சட்டையின் பொத்தானைத் திருகினார். ஆமை இன்னொரு தடவை கேட்கவில்லை.

“தீப்பிடிச்ச திங்கட்கிழமை. மதியம். அந்தத் தொட்டியை மட்டும் காட்டுங்க.”

சிஸ்டம்காரர் காட்டினார். மதியம் ஒரு மணிக்குத் தொட்டி நாற்பத்தைந்து. அடுத்த வரி ஒன்று இருபது, பதினாலு. நடுவில் ஒன்று ஐந்து இல்லை, ஒன்று பத்து இல்லை, ஒன்று பதினைந்தும் இல்லை.

ஆமை சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, அக்காவின் கடிதத்துக்குப் பின்னால் எழுதினார். நாற்பத்தைந்து. கொஞ்சம் இடம் விட்டுப் பதினாலு. பிறகு சனிக்கிழமையில் கூடுதலாக இருந்த மூன்றையும் எடுத்து இடையில் வைத்தார். 45, 38, 31, 22, 14.

“திங்கட்கிழமைல மூணு வரியைக் காணோம்” என்றார். “சனிக்கிழமைல மூணு வரி யார் வீட்டுக்கோ விருந்தாளி மாதிரி வந்து உக்காந்திருக்கு.”

வாயாடி அந்த ஐந்து எண்களையும் பார்த்துக்கொண்டு நின்றாள். படி இறங்குவது போல ஒழுங்காக இறங்கின. ரெக்கார்டில் யாரும் கை வைக்கவில்லை. கடிகாரத்தைப் பின்னால் திருப்பி, மெஷினையே கால் மணி நேரம் சனிக்கிழமைக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மனிதரை வேலையிலிருந்து விலக்கி முடித்ததும் கடிகாரத்தைத் திரும்பத் திங்கட்கிழமைக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் தொட்டி தன்பாட்டுக்கு மட்டத்தைச் சொல்லியிருக்கிறது. இதைச் செய்தவர்களுக்குத் தொட்டியின் ஞாபகமே வரவில்லை.

அதாவது, பாய்லர்காரர் விலகவே இல்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக வேலைக்குத்தான் வந்திருக்கிறார்.

அந்த மாமியார் ஜோக்கைச் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம் என்று அவளுக்குப்பட்டது. சார் கண்ணாடி துடைத்து முடிப்பதற்குள் பக்கத்தைத் தள்ளிவிட்டிருந்தால், அக்காவின் புருஷன் இன்னும் எங்கேயோ உயிரோடு இருந்திருப்பார்.

“கடிகாரத்தைத் திருப்பினது யார்?” என்றார் ஆமை.

நாலு வருஷத்தில் அவர் ‘யார்’ என்று கேட்டு வாயாடி பார்த்தது இதுதான் முதல் தடவை.

“நான்தான்” என்றார் சிஸ்டம்காரர். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். “கடிகாரத்துல கை வைக்க என் ஒருத்தனாலதான் முடியும். மேனேஜர் பக்கத்துல நின்னார். பேரை அவர்தான் சொன்னார், நான் அடிச்சேன்.”

“ஏன் அவர் பேரு?”

“பாய்லர் ரூம் ஷெட்டுக்குள்ளயே பின்கோடில இருந்தது. எல்லாருக்கும் முன்னாடியே வந்து, அங்க தனியாத்தான் இருப்பார். அவரைக் காலைல யாரும் பாத்திருக்க மாட்டாங்கன்னு மேனேஜர் சொன்னார்.”

“அதை நான் கேக்கல. எதுக்கு ஒரு ஆளைக் குறைக்கணும்?”

சிஸ்டம்காரர் மேஜை இழுப்பறையைத் திறந்து மூடினார். உள்ளே ஒன்றுமில்லை. “அந்த ஷெட்டுக்குக் கொடுத்த அனுமதி பதினோரு பேருக்கு. பதினொண்ணு வரைக்கும் ஒரு வாசல் போதும். பன்னிரண்டாவது ஆள் ஒருத்தர் இருந்தா ரெண்டாவது வாசல் வெச்சிருக்கணும். வெக்கல. பதினோரு பேர் செத்தா அது விபத்து சார். பன்னிரண்டு பேர் செத்தா மேல இருக்கறவங்க ஜெயிலுக்குப் போகணும்.”

“சார்” என்றாள் வாயாடி. அவளுக்கு இப்போதுதான் இன்னொன்று தட்டுப்பட்டது. பென்சிலால் எழுதிய எண்கள் மேல் விரலை வைத்தாள். “முப்பத்தெட்டு, முப்பத்தொண்ணு, இருபத்திரண்டு. குறைஞ்சுட்டே இருக்கே. இவங்க அடிச்சுட்டிருந்தப்ப ஃபயர் இன்ஜின் தொட்டிலேர்ந்து தண்ணி எடுத்துட்டிருந்ததா?”

“ஆமா” என்றார் ஆமை.

“அப்ப தீ அணையவே இல்லையா?”

“அணையல.”

“உள்ள ஆள் தேடிட்டிருந்தாங்களா?”

ஆமை சிஸ்டம்காரரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தபடி பதில் சொன்னார். “ஒண்ணரை மணிக்குத் தீயணைப்புக்காரங்க வந்து கேட்டாங்க. உள்ள மொத்தம் எத்தனை பேருன்னு. பட்டியலை அச்சடிச்சுக் கொடுத்தோம். அதை வெச்சு எண்ணித்தான் தேடினாங்க. பதினொண்ணு வந்ததும் போயிட்டாங்க. பாய்லர் ரூம் பக்கம் யாரும் போகல.”

வாயாடிக்கு அந்த மனிதரின் கம்பளிச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

“தொட்டியோட வயரைக் கழட்டி வெக்கணும்னு தோணலையா உங்களுக்கு?” என்றார் ஆமை.

“தோணிச்சு சார்.”

“பின்ன?”

“கழட்டல. கேட்டா மறந்துட்டேன்னு சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். யாராவது ஒருத்தர் வந்து கேப்பாங்கன்னு பதினேழு நாளா இந்த நாற்காலில உக்காந்திருக்கேன். வந்துட்டீங்க. இப்ப ஏன் வந்தீங்கன்னு இருக்கு.”

“இதைப் போலீஸ்ல சொல்வீங்களா?”

“மாட்டேன். சென்சார் கெட்டுப்போச்சுன்னுதான் சொல்லுவேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு.” அவர் சுவரோரத்து அட்டைப் பெட்டிகளைக் காட்டினார். “நாளைக்கு இந்த மெஷினை எடுத்துடறாங்க. புதுசு வருது. அதுல இப்ப எது உண்மையோ அது மட்டும்தான் இருக்கும். எப்ப தெரிஞ்சுதுங்கற கேள்வியே அதுக்குக் கிடையாது. எடம் மிச்சமாம்.”

பாய்லர்காரரின் பக்கத்தையும், தொட்டியின் இரண்டு நாள் கணக்கையும் அச்சடித்துக் கையில் கொடுத்தார். அவர் செய்யத் துணிந்தது அவ்வளவுதான்.

தாழ்வாரத்தில் நின்று ஆமை, தீ விபத்தை விசாரித்த அதிகாரிக்குப் போன் செய்தார். பழைய பழக்கம், பெயரைப் பார்த்ததும் எடுத்துவிட்டார். வாயாடிக்கு இந்தப் பக்கப் பேச்சு மட்டும் கேட்டது.

“ஆமா. ஒரு தண்ணித் தொட்டி. ஆமா, ரெண்டு பக்கம் பேப்பர் இருக்கு. இல்ல, ஆள் சாட்சி சொல்ல வரமாட்டார். குவாரியைத் தோண்ட... புரியுது. மேல இடிபாடு இன்னும் கொட்டிட்டே இருக்காங்களா? சரி. ஃபைலை மூடியாச்சா. எப்ப?” கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தார். “எப்ப?” என்று இன்னொரு தடவை கேட்டார். எதிர்முனை அதற்குள் வைத்துவிட்டிருந்தது.

*

இருவரும் திரும்பப் பஸ் ஏறினார்கள். சலவைக்கடைக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் ஆமை தொட்டிக் கணக்கு இருந்த தாளை நாலாக மடித்துத் தன் உள்பையில் வைத்துக்கொண்டார்.

“தண்ணி விஷயம் வேண்டாம்” என்றார். “அப்ப தேடியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நமக்கும் தெரியாது. அந்தம்மா ஆயுசுக்கும் அதையே நினைச்சுட்டு உக்காந்திருக்க வேண்டாம்.”

“மீதியை யார் சொல்றது சார்?”

ஆமை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். முப்பது வருஷம் விபத்து விசாரித்தவர், எத்தனையோ வீட்டு வாசலில் நின்றிருப்பார். “நீ சொல்லு” என்றார். “எனக்கு இது வராது.”

மூன்று மணி வெயிலில் கடையில் கூட்டமில்லை. அவர்களைப் பார்த்ததுமே அக்காவின் முகம் மலர்ந்தது. இரண்டு முக்காலிகளை அவளே எடுத்துப் போட்டாள். வாயாடியின் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, “விலாசம் கிடைச்சுடுச்சா?” என்று வாங்கிக்கொண்டாள்.

விலாசத்தைப் படித்து நெற்றியைச் சுருக்கினாள். “இது நம்ம வீடாச்சே!” விரல் கீழே இறங்கி, மனைவி என்ற வரியில் நின்றது. “இது என்ன வருஷம்? ஒன்பதாயிரத்துச் சொச்சம் போட்டிருக்கு?”

“முடிவு தெரியாததுக்கெல்லாம் அப்படித்தான் போடுவாங்களாம்க்கா” என்றாள் வாயாடி.

“பாத்தியா!” என்றாள் அக்கா. “கம்பெனிக்காரனுக்கே தெரியல. அப்ப எங்கயோ இருக்கார்னுதானே அர்த்தம்?”

ஆமை, கடைக் கம்பியில் தொங்கிய சட்டைகளைப் பார்த்தபடி நின்றார். பின்வரிசையில் மெத்தைக் கம்பெனியின் நீலச் சீருடை ஒன்று மடிப்புக் கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் வாயாடிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

“முடிவு தெரிஞ்சுடுச்சுக்கா” என்றாள். “அவர் வேலையை விடவே இல்ல. அன்னிக்கு உள்ளதான் இருந்திருக்கார்.”

அக்கா தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் காலியாக இருந்தது. திரும்ப முன்பக்கத்துக்கு வந்தாள். அயர்ன் பெட்டியின் சூட்டில் ஏதோ ஒரு துணி கருகுகிற வாசனை வந்தது. ஆமை போய் சுவிட்சை அணைத்தார்.

“எப்ப?” என்றாள் அக்கா.

வாயாடி திகைத்தாள். சார் வாயிலிருந்து அந்தக் கேள்வியை அவள் தினமும் கேட்கிறவள்தான்.

“அந்தத் திங்கட்கிழமையேக்கா.”

“இன்னிக்கு வியாழன்.” அக்கா விரல் விட்டு எண்ணினாள். ஒரு கை முடிந்து மறு கை வந்து, முதல் கை திரும்ப முடிந்து, மறு கையின் இரண்டாம் விரலில் நின்றது. எண்ணி முடித்ததும் மேஜையின் ஓரத்தில் இருந்த தன் போனைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

“பதினேழு நாளா அவரைத் திட்டிட்டே இருந்தேனே” என்றாள்.